மாப்பிள்ளை அனுப்பிய பாதிப் பாட்டு

சிங்கப்பூர் மாப்பிள்ளை கேசட்டில் தன் பங்கைப் பாடி முடித்ததும், முத்துராணி கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரியை எடுத்தாள். கல்யாணம் நிச்சயமான பெண்ணின் ஆசையும் வெட்கமும் அந்தக் குரலில் இருந்தன.

பாட்டு முடிந்தது. பாத்திரக்கடை ஐயம்பெருமாள் டேப்பை நிறுத்திவிட்டு, சத்தம் பதிவாகக் கூடாதென்று அணைத்து வைத்திருந்த மின்விசிறியைச் சுழலவிட்டார்.

"அனுராதா, இனிமே நீ இருமிக்கிடலாம்" என்றார், மூலையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த மகளிடம். கல்யாணப் பெண் அவள்தான்.

மாப்பிள்ளை கார்த்திகேசன் கேசட்டோடு கடிதமும் வைத்திருந்தான். 'இங்கே இப்போது கரோக்கி இல்லாத ஓட்டலே கிடையாது. ஜப்பானில் ஆரம்பித்தது. இசை மட்டும் ஓடும், பாட்டை நாம் பாடிக்கொள்ள வேண்டும். என் பங்கைப் பாடியிருக்கிறேன், அனுராதா தன் பங்கைப் பாடி அனுப்பட்டும். நண்பர்களுக்கும் போட்டுக் காட்ட வேண்டும்.'

அனுராதாவுக்குத் தாலாட்டுகூட வராது. பெண் பிரமாதமாகப் பாடுவாள் என்று தரகரிடம் அளந்துவிட்டது ஐயம்பெருமாள்தான். வேறு வழியில்லாமல், கோயில் கொடைத் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி செய்யும் பேட்டை முத்துராணிக்கு ஆள் அனுப்பினார்.

"முத்துராணி, இது நம்ம மூணு பேரோட போவட்டும். வெளிய தெரிஞ்சா எம்மவ வாழ்க்க போச்சு. காந்திமதி அம்மன் மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமா யாருட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

அவர் நீட்டிய சேலையைக்கூட அவள் வாங்கிக்கொள்ளவில்லை. புளுகுவது பெண் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா என்ன? மாப்பிள்ளையும் ஆள் வைத்துத்தான் பாடியிருந்தான். கேசட்டில் இருந்தது மகாராஜனின் குரல். ஏழு வருஷம் ஒரே மேடையில் தன்னோடு பாடிய குரல் முத்துராணிக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

"ரெண்டே வருசம், வந்து உன்னக் கட்டிக்கிடுதேன்" என்று சொல்லி சிங்கப்பூர் போனவன் அவன். அவள் நாங்குநேரி வீட்டைக் காலி செய்து பேட்டைக்கு வந்த பிறகு அவனுடைய கடிதம் எதுவும் வந்து சேரவில்லை. அவள் போட்ட கடிதங்களெல்லாம், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. நாலு வருஷமாக வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்து, வீட்டில் வசவு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அத்தனையையும் இன்று அந்தப் பாட்டில் கொட்டியிருந்தாள். தன் குரல் அவன் காதில் விழுந்தால் போதும், இன்னும் காத்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டு ஓடி வந்துவிடுவான். பாவி மகள், அப்படித்தான் நம்பினாள்.

அவன் முகவரியை மாப்பிள்ளைக்கு எழுதிக் கேட்கலாம் என்றால், கேசட் விவகாரம் அம்பலமாகிவிடும். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு ஊருக்கு வருவான், அப்போது பக்குவமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

தை பிறந்து பத்தாம் நாள் கல்யாணம். மண்டபத்தில் வழக்கமான பாட்டுக் கச்சேரி இல்லை. மாப்பிள்ளை கொண்டுவந்த கரோக்கி மிஷின் மேடையில் இருந்தது, மைக்குக்காகச் சித்தப்பாக்களும் மச்சான்மாரும் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருஷம் மேடையேறியவள் கூட்டத்தோடு நின்று அந்தக் கொடுமையைக் கேட்டாள்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் பாடச் சொல்லி எல்லோரும் வற்புறுத்தினார்கள். என்ன பொருத்தமோ, இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

பந்தி முடிந்து, கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளை தனியாகக் கிடைத்தான்.

"சார், நீங்க அனுப்புன கேசட்ட அண்ணாச்சி வீட்டுல கேட்டேன். அதுல பாடுனது மகாராஜன்தான? எங்க குழுவுல பாடுனவரு."

கார்த்திகேசனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"யக்கா, பைய பேசுங்க. அனுராதாவுக்குத் தெரியாது. அவ்வளவு நல்லாப் பாடுத பொண்ணுகிட்ட, எனக்குப் பாட வராதுன்னு எப்படிச் சொல்ல?"

"நான் யாருட்டயும் சொல்லல. அவரு இப்ப எங்கன இருக்காரு?"

"நாங்க போற கரோக்கி ஓட்டல்லதான் பாடிக்கிட்டு இருந்தாரு. ஊர்ல ஒருத்தி எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா, எங்கன இருந்தாலும் தேடிப் பிடிச்சுக் கட்டிக்கிடணும்னு சொல்லுவாரு. பொங்கலுக்கு வர டிக்கெட்டும் எடுத்து வச்சிருந்தாரு. ஒரே நாள்ல அதக் கிழிச்சுப் போட்டுட்டு, வேலையையும் விட்டுட்டுப் போயிட்டாரு. எந்த நாட்டுக்குப் போனாருன்னுகூட யாருக்கும் தெரியல."

முத்துராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு என்ன சார் நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலக்கா. அனுராதா பாடுன கேசட்டப் போட்டுக் காட்டுனேன். மூணு தடவ கேட்டாரு. இந்தப் பொண்ணு உனக்கு யாருன்னாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"நான் கட்டிக்கிடப் போற பொண்ணுன்னு சொன்னேன்."