முழு முயற்சி

"விட்டுடுங்க மேடம். வித்துட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு எமில் டுபாக் மேசையில் தலை கவிழ்த்து அழுதார். எழுபதைத் தாண்டிய மனிதர். ஓஹையோவில் அப்பா காலத்துப் பட்டறை, காய்த்துப்போன கை.

எதிரே ரோவீனா ஹேல், வாஷிங்டனில் அரசாங்க வக்கீல். உள்நாட்டுக் கம்பெனியை வெளிநாட்டான் வாங்க வந்தால் நாட்டுக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பது அவள் வேலை. மேலே இருக்கிறவர்கள் படித்தா பார்க்கப் போகிறார்கள்? அவள் எழுதுவதுதான் முடிவு.

'தடுக்க வேண்டும்' என்று அவள் எழுதி வைத்தாயிற்று. அதை எமிலிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அந்தக் கட்டடத்தில் எல்லாமே ரகசியம். முடிவு சொல்ல மாலையோடு கெடு முடிகிறது.

எமிலின் பக்கத்தில் பிரெஸ்காட், வாங்குகிறவர்களின் வக்கீல். கிழவரின் தோளில் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை.

"ஒப்பந்தத்துலயே இருக்கு மேடம். அனுமதி கிடைக்க ரெண்டு தரப்பும் முழு முயற்சி எடுக்கணும். அதுக்குத்தான் எமிலே நேர்ல வந்திருக்காரு."

இந்த வக்கீல்கள் எழுதுகிற ஒப்பந்தம் தெரிந்ததுதான். முயற்சியில் குறை வைத்தவன் வீட்டை விற்று நஷ்டஈடு கட்ட வேண்டும்.

"வேற பங்குதாரர் யாரு சார்?" என்று கேட்டாள் ரோவீனா.

"என் தம்பியும் தங்கச்சியும். தம்பிக்கு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்தா ஓட்டு என்னைவிட ஜாஸ்தி. விக்கிற காசுல புளோரிடாவுல வீடு கூடப் பார்த்தாச்சு."

"பட்டறையில செய்யிற பொருளைப் பத்திச் சொல்லுங்க."

எமில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீர்மூழ்கிக் கப்பல் கதவுக்குத் தண்ணி புகாம போடுற வளையம் மேடம். இந்த நாட்டுல எங்களை விட்டா யாருக்கும் செய்யத் தெரியாது. வாங்குறவன் மிஷினைக் கழட்டிக்கிட்டு அவன் ஊருக்குப் போயிட்டான்னா, அப்புறம் நம்ம பசங்க அவன் குடுக்கிறதை மாட்டிக்கிட்டுத்தான் கடலுக்கடியில போகணும்."

பிரெஸ்காட் இருமினான்.

"அதுக்கென்ன மேடம் பண்றது" என்று எமில் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆளுங்களுக்குச் சம்பளம் போடணுமே. விட்டுடுங்க."

"தனியா ஏதாவது சொல்லணுமா சார்?"

எமில் வாயைத் திறந்தார். பிரெஸ்காட் முந்திக்கொண்டான். "நான் கூட இல்லாம அவர் அரசாங்கத்தோட பேசக்கூடாது மேடம். அதுவும் ஒப்பந்தம்தான்."

ரோவீனாவுக்கு அவனைக் கண்டாலே பிடிக்கவில்லை. கிழவரின் வெள்ளை மனசுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. காரியம் கெட்டுப்போகும் என்று தெரியாமல் உள்ளதை உள்ளபடி சொல்கிறாரே! கூலிக்குப் பேசுகிறவர்களையே காலம் முழுக்கப் பார்த்துச் சலித்தவள் அவள்.

உள்ளே போனதும் கூட வேலை செய்கிற ஹெக்டரிடம் சொன்னாள். "மாத்தி எழுதப்போறேன்."

"என்ன ரோவீனா இது, நேத்து வரைக்கும் புலி மாதிரி நின்னே?"

"நாம தடுத்தா அந்தப் பட்டறையை அரசாங்கம் வாங்குமா?"

"அது நம்ம இலாகா இல்ல."

"கடற்படை இன்னும் நாலு ஆர்டர் கூடக் குடுக்குமா?"

"அதுவும் நம்ம இலாகா இல்ல."

"அந்த ஆளுங்க பட்டினி கிடக்கிறது மட்டும் நம்ம இலாகாவா?"

'அனுமதிக்கலாம்' என்று அவள் மாற்றி எழுதினாள். மிஷினை நாட்டைவிட்டு நகர்த்தக்கூடாது என்று நிபந்தனையும் சேர்த்தாள். அந்த மாதிரி நிபந்தனையை எவன் போய்ப் பார்க்கப் போகிறான்? மேலே போனது, கையெழுத்தாகி இறங்கி வந்தது.

மாலையில் வீட்டுக்குக் கிளம்பியவள், வாசல் படியில் எமில் தனியாக நிற்பதைப் பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் பிரெஸ்காட் போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். வழக்குக்காரர்களிடம் வெளியில் பேசுவது அவள் வழக்கமில்லை. இன்று நின்றாள்.

"செய்தி வந்திருக்குமே சார். உங்க ஆளுங்களுக்குச் சொல்லிட்டீங்களா? நீங்க அழுததுதான் என்னை மாத்துச்சு."

எமில் அவள் முகத்தையே பார்த்தார்.

"இதைத் திரும்ப மாத்த முடியுமா?"

பாவம், கைக்கு வந்தது போய்விடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தாள். "பயப்படாதீங்க. ஒரு தடவை அனுமதி குடுத்தா குடுத்ததுதான். சட்டம் அப்படி."

"யாராலயுமே முடியாதா?"

"நான் நெனச்சாலும் முடியாது. எனக்கு மேல இருக்கிறவங்க நெனச்சாலும் முடியாது. நிம்மதியா ஊருக்குப் போங்க."

எமில் தெருவின் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பேசுவது பிரெஸ்காட்டின் காதுக்கு எட்டாது. படியைக் கையால் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். இப்போது அவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"நீ தடுத்துடுவேன்னு நம்பித்தானேம்மா அப்படி அழுதேன்."