முதல் நாள் படம்

மாலை வெயில் கண்ணாடிக் கதவு வழியே வந்து கூடத்தின் பாதி வரை நீண்டு கிடக்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் கண்காட்சி திறக்க வேண்டும். ஓவியக்காரி ஏணியில் நின்று விளக்கைத் திருப்புகிறாள். வெளிச்சம் ஆளுயரப் புகைப்படத்தில் விழுகிறது: குடும்பம் கப்பலைவிட்டு இந்த நாட்டில் இறங்கிய நாள். பக்கத்தில், அன்று அப்பா நிரப்பிக் கொடுத்த குடியேற்றப் படிவம். எந்த அலுவலகத்திலோ தூங்கிக்கொண்டிருந்ததை அலையாய் அலைந்து வாங்கியிருக்கிறாள். கீழே அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார், துடைக்கிறார், மறுபடி மாட்டுகிறார். “இத எறக்கிடும்மா.” “என்னப்பா வெளையாடுறீங்க? வாசல்ல ஜனம் நிக்குது.” “படிவத்துல மூணு புள்ளைங்கதான். படத்துல எண்ணிப் பாரு.”

எண்ணுகிறாள். நான்கு. ஏணி கிறீச்சிடுகிறது. “கப்பல்ல பக்கத்துல இருந்தவ, ‘கொஞ்சம் புடிங்கண்ணே, இதோ வந்துடுறேன்’னு கொழந்தையக் குடுத்துட்டுப் போனா. எறங்குற வரைக்கும் தேடுனோம்மா.” வெளியிலிருந்து யாரோ கண்ணாடியில் விரலால் தட்டுகிறார்கள். அப்பா திரும்பவில்லை. கையை உயர்த்தி, படத்தில் தன் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை உள்ளங்கையால் மூடுகிறார். அந்தக் கைக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் அவளுடைய கையெழுத்து: ‘அப்பாவின் தோளில், நான்.’