சனிக்கிழமைச் சாக்கு

துவைக்கப் போட்ட சட்டையின் பையிலிருந்து ஓர் இறகு விழுந்தது. சாம்பல் நிறம். அடிப்பக்கம் காய்ந்த ரத்தம்.

அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே அடுத்த தெருவிலிருந்த தங்கை வீட்டுக்குப் போனாள்.

"உங்க அத்தான் சட்டையில இருந்துச்சுடி."

தங்கை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கோழி இறகு இல்லக்கா. ஏரிப் பறவை."

"அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

சந்தேகம் வராமல் என்ன செய்யும்? அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது, ஏரிப் பறவைகள் பாதுகாப்புக் குழுவின் செயலாளராக. பறவைகள் இல்லாவிட்டால் அந்தக் கடலோர ஏரி வெறும் உப்புத் தண்ணீர்தான் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசுகிறவர்.

"சனிக்கிழமை விடிஞ்சா, குழுக் கூட்டம்னு ஸ்கூட்டரை எடுத்துட்டுக் கிளம்பிடறார். திரும்பி வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு. கூட்டத்துல உட்கார்ந்தவருக்குச் சேறு எங்கேருந்துடி வரும்?"

"குழுத் தலைவரைக் கேட்டுப் பாத்தியா?"

"போன் போட்டேன். மாசத்துக்கு ஒரு கூட்டம்தானாம். அதுவும் ஞாயித்துக்கிழமையாம்."

தங்கை உதட்டைப் பிதுக்கினாள். "கருவாட்டுக்குப் பூனை காவல் இருந்த கதையால்ல இருக்கு! காட்டு வாத்துக் கறிக்கு என்ன கிராக்கி தெரியுமா?"

"சும்மா இருடி. அவர் முட்டைகூடத் தொடமாட்டார்."

"தொட்டுத் திங்கணுமா என்ன? வித்தா ஆகாதா?"

"வித்தா பணம் வரணுமே. வீட்டுக்கு வர்ற பணம்கூட இப்பல்லாம் இளைச்சுக்கிட்டே போகுது."

தங்கை சற்று யோசித்தாள். "அப்போ... அந்தப் பணமெல்லாம் வேற எங்கேயாவது போகுதோ?"

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை. அவர் கிளம்பியதும், தங்கையின் வண்டியில் இருவரும் எட்டவே தொடர்ந்து போனார்கள். கூட்டம் நடக்கும் மன்றத்தைத் தாண்டிக்கொண்டு அவர் ஸ்கூட்டர் ஏரிக்கரைக்குத் திரும்பியது. மதகுக்குப் பக்கத்தில் நின்றது.

அங்கே ஓர் ஆள் காத்திருந்தான். தோளில் சாக்கு. இவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, பணத்தை அவன் கையில் திணித்தார். சாக்கை வாங்கினார். சாக்கு துள்ளியது.

"பாத்தியாக்கா? நான் சொன்னப்ப நம்பினியா?"

அவள் வண்டியை விட்டு இறங்கினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக இந்த மனுஷனையா நம்பினோம்?

அவர் சாக்கோடு கோரைப் புதருக்குள் இறங்கினார். இவர்களும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்கள்.

புதருக்கு அப்பால் அவர் சேற்றில் மண்டி போட்டிருந்தார். சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நீர்க்கோழி. உள்ளான். ஒரு காட்டு வாத்து. கால்களில் இறுகியிருந்த நூலைச் சின்னக் கத்தரியால் பதமாக வெட்டினார். காயத்துக்கு மருந்து தடவினார். பிறகு பிடியை விட்டார்.

படபடவென்று ஒவ்வொன்றாக ஏரிக்கு மேல் பறந்தன.

"என்னங்க!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீயா? என்னை வேவு பாக்கவா வந்தே?"

"பின்னே? ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"காசைக் கரியாக்கறேன்னு திட்டுவே. அதான் கூட்டம்னு ஒரு சாக்கு."

"அவனைப் பிடிச்சுக் கொடுக்க வேண்டியதுதானே அத்தான்?" என்றாள் தங்கை. விட மனமில்லை அவளுக்கு.

"அவனும் பிள்ளைகுட்டிக்காரன்மா. ஜெயில்ல போட்டா அதுங்க என்ன பண்ணும்? நாலு காசைக் கொடுத்தா அவனுக்கும் சோறு, இதுங்களுக்கும் உயிர்."

அவள் முந்தானையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். "இனிமே சட்டைப் பையைக் காலி பண்ணிட்டுத் துவைக்கப் போடுங்க," என்றாள்.

கடை திறக்க நேரமாகிவிட்டதென்று அவர் முன்னால் போய்விட்டார். அக்காவும் தங்கையும் வண்டியில் திரும்பினார்கள்.

மதகருகே அந்த ஆள் வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துடி," என்று இறங்கினாள் அவள். "ஏம்ப்பா, வாயில்லா ஜீவனைப் பிடிச்சு விக்கிறியே, வேற பொழப்பே கிடைக்கலையா உனக்கு?"

"நீங்க யாரும்மா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை உன்கிட்ட வாங்கறாரே, அவர் வீட்டுக்காரி."

அவன் முகமெல்லாம் பல்லானான். "சார் வீட்டம்மாவா! வாத்துக் கறின்னா வீட்ல எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும் போல? வேற பொழப்புக்குப் போனவன்தாம்மா நான். வனத்துறைக் கெடுபிடியில ஓட்டல்காரங்க வாங்கறதை நிறுத்திட்டாங்க. இந்தத் தொழிலை அடியோட விட்டுட்டு உப்பளத்துல மூட்டை சுமந்துக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் திரும்ப ஆரம்பிச்சே?"

"ஒருநாள் மீனுக்குப் போட்ட வலையில ரெண்டு நீர்க்கோழி தானா வந்து மாட்டுச்சு. சார் பாத்துட்டு, கேட்ட விலையைக் கொடுத்தார். இனிமே எவ்வளவு கிடைச்சாலும் யாருக்கும் விக்காதே, மொத்தமா நான் எடுத்துக்கறேன்னார். மவராசன்!"

அவன் வலையை விரித்துப் பெருமையோடு காட்டினான்.

"அவர் ஒருத்தரை நம்பித்தாம்மா உப்பளத்து வேலையை விட்டுட்டு, இவ்வளவு பெரிய வலையாப் பாத்து வாங்கியிருக்கேன்!"