முத்தலிப்பின் ஜீப்

பெற்றோல் விலை தாறுமாறாக ஏறிய வருசம், திருகோணமலையில் குலசிங்கத்தின் ரயர் கடைக்கு ஆள் வருவதே அருமையாகிப்போனது. அதனால் தம்பலகாமத்து முத்தலிப் தன் ஜீப்புக்கு நாலு ரயர் கேட்டு வந்ததும், குலசிங்கமே கதிரையை இழுத்துப் போட்டார்.

“நாலு சில்லும் இழுக்கிற ஜீப்தானே, முத்தலிப் நானா?”

“ஓம், வாங்கேக்க அப்பிடித்தான். மலிவா, கனகாலம் தேயாத ரயராத் தாங்க, முதலாளி.”

“வயல் சேத்துக்க இறக்குவீங்களோ?”

“இல்ல, தார் றோட்டுலதான் நெல்லு ஏத்திட்டு வாறன்.” முத்தலிப் மூலையில் கிடந்த தடித்த பழைய ரயர்களைக் காட்டினார். “அதுவே எனக்குக் காணும்.”

“ஐயோ, ஐம்பது மைல் வேகத்துல அது வெடிச்சிரும்! உயிரோட விளையாடாதீங்க. எங்க, வண்டியைப் பாப்பம்.”

குலசிங்கம் கோபத்தோடுதான் வெளியே வந்தார்.

ஜீப் வேப்பமர நிழலில் நின்றது. எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு கட்டு வைக்கோல். அதற்கு முன்னால், நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள் ஆறுதலாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

“ஐம்பது மைல் வேகத்துல இதுகள் ஓடுமெண்டா, நான் ஏன் முதலாளி நெல்லு ஏத்துறன்?” என்றார் முத்தலிப். “ரேசுக்கெல்லோ விட்டிருப்பன்!”