கொள்கை குடிவந்த வீடு

நாட்டின் கொள்கைகளை இனி இளைஞர்களே செதுக்குவார்கள் என்று அரசு அறிவித்தது. செதுக்குவது என்றால், சட்டமாகப் போகும் ஒவ்வொரு கொள்கையையும் கோடை விடுமுறையில் ஒரு கல்லூரி மாணவர் தன் வீட்டில் வாழ்ந்து பார்ப்பது. முதுகலை மாணவி ஜெசிந்தாவுக்கு, மூன்று சுற்று நேர்காணலுக்குப் பிறகு, தண்ணீர்ச் சிக்கனக் கொள்கை கிடைத்தது. மறுநாளே வீட்டுக் குழாயில் ஒரு பூட்டு வந்து உட்கார்ந்தது. தினமும் இரண்டு குடம் விடும். பிறகு நன்றி சொல்லி மூடிக்கொள்ளும்.

"இதுல சோறாக்குறதா, படுத்தே கெடக்குற உங்கப்பா துணிய அலசுறதா? பத்தலன்னு எழுதுடி," என்றாள் அம்மா.

"எழுதினா கொள்கைய வேற வீட்டுக்கு மாத்திடுவாங்கம்மா. சர்டிபிகேட் இல்லாம எவன் வேலை தருவான்?"

"அப்ப உன் கொள்கைய வந்து உங்கப்பாவக் குளிப்பாட்டச் சொல்லு."

'பயனாளிகள் மனமுவந்து ஏற்றுக்கொண்டனர்' என்று ஜெசிந்தா அறிக்கை எழுதினாள்.

துறையில் அதைக் கொண்டாடினார்கள். நோயாளி உள்ள வீடே மனமுவந்து ஏற்கிறதென்றால் இரண்டு குடம் அதிகம் என்று முடிவாகி, நாடு முழுவதும் வீட்டுக்குத் தினம் ஒரு குடம் என்று சட்டம் வந்தது. அம்மா அந்த ஒரு குடத்தை அப்பாவின் கட்டிலருகே வைத்துக்கொண்டு, யாரையும் தொடவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பாராட்டு விழாவில் செயலாளர் கையை முழுக்க நீட்டிச் சான்றிதழைக் கொடுத்தார். புகைப்படக்காரர் இரண்டு முறை கேட்டும் அவர் நெருங்கி நிற்கவில்லை. அந்த வாரம் ஜெசிந்தா குளித்திருக்கவில்லை.