பரீட்சைப் பிள்ளை

“ஒரு தடவை தொட்டா கை தேஞ்சா போயிடும்?” என்றாள் மெழுகுவத்தி விற்கும் பெலிசா.

ரொசெந்தா பக்கத்துத் தீவிலிருந்து வந்து, அடுத்த படகுக்காகப் பளிங்குச் சிறுமி சிலையின் காலடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு ஆசிரியர் தேர்வு. இது நான்காவது முறை. பகலெல்லாம் கருவாட்டுக் கடையில் நின்று, மிச்ச நேரமெல்லாம் படித்து, முகமே வாடிப் போயிருந்தது. இந்தத் தடவையும் தேறாவிட்டால் படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போய்விடப் போவதாகச் சற்று முன்புதான் சொல்லியிருந்தாள்.

கேட்ட பெலிசாவுக்கே அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து வெயிலில் நின்று அவளுக்கும் கால் கடுத்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ரொம்ப்லோன் தீவின் படகுத் துறையில் பரீட்சைக்குப் படகு ஏறுகிற யாரும் இந்தப் பிள்ளையைத் தொடாமல் போவதில்லை. மடியில் புத்தகம், குனிந்த தலை, உலகத்தையே மறந்த படிப்பு. அதன் நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். யார் செய்த சிலை என்பது இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெலிசாவுக்குத் தெரியாது. இது புனிதர் இல்லை, வெறும் கல் என்று பாதிரியாரும் பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? மெழுகுவத்தி வியாபாரம்தான் கூடியது.

பெலிசா தன் கைக்குட்டையாலேயே சிலையின் நெற்றியைத் துடைத்து, ரொசெந்தாவின் நெற்றிக்குக் கொண்டு போனாள். அவள் மெல்ல விலக்கிவிட்டாள்.

பெலிசாவுக்குச் சுருக்கென்றது. “இந்த வீம்புக்குத்தான் மூணு தடவையும் ஊத்திக்கிச்சு. அந்தப் பிள்ளையப் பாரு, தலையத் தூக்குதா? அதுல பாதிக் கவனம் உனக்கு இருந்திருந்தா இந்நேரம் டீச்சராயிருப்பே.”

படகு ஊதியது. ரொசெந்தா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பையைத் தோளில் மாட்டினாள். சிலையைப் பார்த்துச் சோர்வாகச் சிரித்தாள்.

“அதுக்கு உக்காந்ததே நான்தாங்க்கா. புத்தகத்தப் பிரிச்ச உடனே தூங்கிட்டேன். எழுப்ப மனசு வராம எங்கப்பா அப்படியே செதுக்கிட்டாரு.”