இன்னொரு அட்டை

அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கவரைப் பிரித்தாள் ராஜாத்தி. உள்ளே ஒரு மாத்திரை அட்டை. ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று எட்டு வயதில் டாக்டர் சொன்னதிலிருந்து மகன் பகலவன் தினமும் போடுகிற அதே மாத்திரை. ஆனால் அவனுடைய அட்டைதான் அலமாரியில் இருக்கிறதே!

எண்ணூர் கன்டெய்னர் யார்டு வேலைக்குக் கிளம்பியவனை மறித்தாள்.

"இன்னாடா, டாக்டருக்குத் தெரியாம டபுளா போடறியா?"

"பதினெட்டு வருசமா ஒரு நாளு வுட்டதில்ல, ஒண்ணு அதிகமா போட்டதும் இல்ல. அது என்னுது இல்லம்மா."

"அப்ப எவனுக்குடா வாங்கியாந்து விக்கிற?"

பகலவன் குனிந்து ஷூவை மாட்டத் தொடங்கினான்.

"வுடு ராஜாத்தி, அவனுக்கு டைமாவுது," என்று கணவர் அசோகன் குறுக்கே வந்தார்.

"நீ பேசாதய்யா! நீ குடுக்கற எடந்தான் இவ்ளோ தூரம் வந்து நிக்குது!"

கவரைக் கவிழ்த்து உதறினாள். மருந்துச் சீட்டு விழுந்தது.

'அசோகன், வயது 56.'

ராஜாத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"இவன கூட்டிகினு போறப்பல்லாம், டாக்டர் இவனாண்ட கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் மனசுக்குள்ள ஆமான்னு சொல்லிகினே இருந்தேன்," என்றார் அசோகன். "போன மாசந்தான் அவராண்ட வாய தொறந்து சொன்னேன்."